தேவைக்கு மேல் ஒரு சொல்

பரங்கிப்பேட்டை
28-9-2009

அன்பு மகள் தாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முன்பின் தெரியாத ஒருத்தி மகளே என்று உரிமை கொண்டாடுகிறாளே என்று முகம் சுளித்துவிடாதே. என் பெயர் ஜெய்த்தூன் பீவி. உன் விலாசத்தை நாகூருக்குப் போய் உன் உம்மாவிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவர்களுக்கு மனமே இல்லை. பிள்ளை இப்போதுதான் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, கிளற வேண்டாம் என்றார்கள். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தான் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் உன் தங்கைதான் எழுதிக் கொடுத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் நிலோஃபருக்கு நோன்புக்கு முன்னாலேயே ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில், பாசல் என்ற ஊரில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஷுஐப். ஆமாம் மகளே, உன்னோடு வாழ்ந்தவர்தான். குடும்பம் நல்ல குடும்பம். அங்கே அவரோடு வேலை பார்க்கும் நம்மூர்ப் பையன் ஒருவனிடம் விசாரித்தோம், தங்கம் என்றான். அவர்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் விசாரித்தோம், அவரும் அதையேதான் சொன்னார். நிலோஃபர் வாப்பாவுக்குப் பரம திருப்தி.

உன்னைப் பற்றி நானே போனில் கேட்டேன். "நல்ல பெண் மாமி, சேர்ந்து வாழ எங்களுக்கு நஸீப் இல்லை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. பிரிந்தவளைத் தூற்றாத ஆண் அபூர்வம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

எனக்கு மட்டும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மனம் அடங்கவில்லை. போனில் கேட்டால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் கடிதம். நீங்கள் ஏன் பிரிந்தீர்கள்? அவரை நம்பி என் பிள்ளையை அந்தக் குளிர் தேசத்துக்கு அனுப்பலாமா? ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, முஹர்ரம் பிறப்பதற்குள் நிக்காஹ் வைக்கவேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். சீக்கிரம் எழுது.

உனக்காக துஆ செய்யும்,
ஜெய்த்தூன் பீவி


பாசல்
11-10-2009

மரியாதைக்குரிய மாமிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. என்னை மகள் என்று அழைத்ததற்கு மிகவும் சந்தோஷம்.

அவர் ஐந்து நேரமும் தொழுகிறவர். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. நல்ல வேலை, ஹலாலான சம்பாத்தியம். எங்களுக்கு நஸீப் இல்லை. பிரிந்துவிட்டோம். ஒருவர் குறையை ஒருவர் மூடிவைக்க வேண்டும் என்றுதான் நான் வளர்ந்த வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் என்னைப் பற்றி எதுவும் சொல்லாதபோது நானும் சொல்லாமல் இருப்பதுதானே முறை.

நிலோஃபருக்கு என் ஸலாம். அல்லாஹ் அவளுக்கு நல்லதை நாடட்டும். இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள் மாமி.

இப்படிக்கு,
தாஹிரா


பரங்கிப்பேட்டை
23-10-2009

அன்பு மகள் தாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ கேட்காதே என்றாய், நான் கேட்கிறேன். வயதானவளின் பிடிவாதம் என்று பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலோஃபர் வாப்பாவுக்கு ஒரே குஷி. விட்டுப்போன பெண்ணே நல்லவர் என்று எழுதிவிட்டாள், இனி உனக்கு என்ன வேண்டும் என்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் நான் தினமும் வாசலில் மீன் வாங்குகிறவள். மீன்காரி எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.

தொழுவார், குடிக்கமாட்டார், சம்பாதிப்பார். இதைச் சொல்ல இமாம் இருக்கிறார். பெண்டாட்டியாக இருந்தவள் சொல்ல வேண்டியது வேறு. கோபம் வந்தால் அவர் எப்படி இருப்பார்? நீ காய்ச்சலில் படுத்தால் ஒரு டம்ளர் கஞ்சி வைத்துத் தருவாரா? உன் உம்மா வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் முகம் எப்படி இருக்கும்? இதில் ஒன்றுக்குக்கூட உன் கடிதத்தில் பதில் இல்லை.

குறையை மூடவேண்டும் என்கிறாய். யார் பெயரையும் சொல்லாமல், மார்க்கம் படித்த எங்கள் தெரு ஆலிம்சாவிடம் கேட்டேன். யாரும் கேட்காமல் ஒருவர் குறையை எடுத்துப் பேசினால் அது புறம். பெண் கொடுக்கிறவர்கள் வந்து ஆலோசனை கேட்டால் அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொறுப்பு, தெரிந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அதுவும் புறம்தான் என்றார். நீ தேவையான அளவு சொல், அதற்கு மேல் ஒன்றும் நான் கேட்கவில்லை.

நிலோஃபர் கணக்கு டீச்சர். எதையும் முறையாகச் செய்கிறவள். இப்போதே ஜெர்மன் பாஷை படிக்க ஒரு சிடி வாங்கிப் போட்டு, சமையல்கட்டில் எண்களை ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை ஜும்ஆ முடிந்து தவறாமல் போன் செய்கிறார். சர்டிஃபிகேட்டுகளையெல்லாம் கையோடு எடுத்து வரச்சொல்லியிருக்கிறாராம், அங்கே எல்லாக் காகிதங்களையும் அவரே பத்திரமாக வைத்துக்கொள்வாராம், அவள் எதற்கும் கவலைப்பட வேண்டாமாம். எவ்வளவு அக்கறை பாருங்கள் உம்மா என்று பூரித்துப்போகிறாள்.

அவளுக்குத் தெரியாமல்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கைவிட்டுவிடாதே.

ஜெய்த்தூன் பீவி


பாசல்
6-11-2009

மரியாதைக்குரிய மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேனாவையே எடுக்கவில்லை. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறேன். படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் உங்களுக்கு மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே இருந்தேன். மனதுக்குள் எழுதியது எதையும் தபாலில் போட முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்குள் ஒருத்தி சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொள்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் செயலுக்கும் மனதில் உள்ள நிய்யத்தைப் பொறுத்துத்தான் கூலி. நான் எழுதினால் உங்கள் மகளுக்காக எழுதுகிறேனா, பழிவாங்க எழுதுகிறேனா? எனக்கே தெரியாதபோது ஆலிம்சா கொடுத்த அனுமதி என்னைக் காப்பாற்றுமா?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் பள்ளிவாசலுக்கு மினாராக் கோபுரம் கட்டத் தடை போடலாமா என்று இந்த நாடு முழுக்க ஓட்டுப் போடப் போகிறது. ரயிலில் என் முக்காட்டைப் பார்த்து எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தவர்களும் உண்டு, வேண்டுமென்றே பக்கத்தில் வந்து உட்கார்ந்து புன்னகைத்தவர்களும் உண்டு. போன மாதம் அவர் சம்பந்தமான ஒரு காரியத்துக்காக, இங்கே பெண்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்துக்குப் போக இருந்தேன். நாங்கள் தொழும் இடத்தில் பெண்கள் பகுதியைக் கவனிக்கும் துருக்கிக்கார அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது வேண்டாம், நம் ஆண்களைப் பற்றி அவர்கள் பேச நாமே வாய்ப்புக் கொடுக்கக் கூடாது, ஓட்டு முடியட்டும் என்றார். நல்ல மனுஷி. என் நிக்காஹ் முறிந்தபோது எனக்குச் சோறு போட்டவர். அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை.

நாகூரில் என் தங்கை ஷமீனாவுக்கும் வரன் பார்க்கிறார்கள். அடுத்தவள் வாழ்க்கையைக் கெடுத்தவளின் தங்கை என்று பெயர் வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் உங்கள் கடிதத்தில், காகிதங்களையெல்லாம் அவரே வைத்துக்கொள்வார் என்ற வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒன்று செய்யுங்கள் மாமி. நிலோஃபரின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். நான் அவரைப் பற்றி எதுவும் சொன்னதாக இருக்காது. அவர் பதிலிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
தாஹிரா


பரங்கிப்பேட்டை
18-11-2009

அன்பு மகள் தாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னபடி கேட்டேன். நிலோஃபர் வாப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஷுஐப் சிரித்தார். "அவள் பாஸ்போர்ட் அவள் கையில்தான் மாமி இருக்கும், வேறு யார் கையில் இருக்கும்?" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "தாஹிரா உங்களுக்கு எழுதினாளா?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன்.

போனிலேயே அழுதுவிட்டார் மகளே. உன்னைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று இருந்தாராம், நாங்கள் வற்புறுத்தியதால்தான் சொன்னார். உனக்கு மனதில் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டதாம். குளிர் காலத்தில் செருப்புக்கூடப் போடாமல் வீட்டை விட்டு இறங்கிப் படிக்கட்டில் போய் நிற்பாயாம். அவர்தான் கெஞ்சி உள்ளே அழைத்து வந்து போர்த்திவிட்டு டீ போட்டுக் கொடுப்பாராம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியுமாம். டாக்டரிடம் போக நீதான் மறுத்துவிட்டாயாம். உன் பெயர் கெடக்கூடாது என்றுதான் நஸீப் இல்லை என்று முடித்துக்கொண்டாராம்.

உன்னை நான் குறை சொல்லவில்லை. நோய் யாருக்கும் வரும். எனக்கே நிலோஃபர் பிறந்த பிறகு ஆறு மாதம் மனம் சரியில்லாமல் இருந்தது. ஆனால் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தால் அதிலும் ஒரு பயம் தெரிகிறது, எதையும் நேராகச் சொல்லவில்லை. நான் யாரை நம்புவது? அவர் எல்லாவற்றையும் சொன்னார், நீ ஒன்றையும் சொல்லவில்லை.

டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதல் வாரத்தில் மாப்பிள்ளை ஊருக்கு வருகிறார். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். என் பிள்ளைக்காக துஆ செய்.

ஜெய்த்தூன் பீவி


பாசல்
30-11-2009

மரியாதைக்குரிய மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள்.

நேற்று ஓட்டு முடிந்தது. எங்கள் பாசலில் தடை வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம், ஆனால் நாடு தடை வேண்டும் என்றுவிட்டது. துருக்கிக்கார அக்கா போன் செய்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் ஒரு மினாராவும் பிழைக்கவில்லை என்றுதான் தோன்றியது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவர் என்னை அடித்ததில்லை. சத்தம் போட்டுப் பேசியதுகூட இல்லை. நான் இங்கே வந்து இறங்கிய அன்றே என் பாஸ்போர்ட்டையும் இங்கே தங்குவதற்கான பெர்மிட்டையும் எம்.எஸ்ஸி. சர்டிஃபிகேட்டையும் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிப்போய்க் கம்பெனி லாக்கரில் வைத்தார். அவர் பெர்மிட்டை வைத்துத்தான் எனக்குப் பெர்மிட். நான் வாய் திறந்து எதையாவது கேட்டால், ஒரு கடிதம் எழுதினால் போதும், நீ அடுத்த விமானத்தில் நாகூரில் இருப்பாய் என்பார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எதிர்த்துப் பேசினாலோ, அவருக்குத் தெரியாமல் உம்மாவோடு பேசினாலோ, என் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அக்கம்பக்கம் கேட்காமல் மெதுவாகச் சாத்துவார். காலில் செருப்பு இருக்காது, மேலே ஸ்வெட்டர் இருக்காது. இங்கே மாடிப்படியில் விளக்கு தானாக அணைந்துவிடும், திரும்பப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் யாராவது பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு இருட்டிலேயே நிற்பேன். கதவைத் தட்டமாட்டேன். தட்டினால் இன்னும் நேரமாகும். பிறகு அவரே திறப்பார். போர்வை போர்த்துவார், டீ போடுவார், இனி அப்படிப் பேசாதே என்பார். உங்களிடம் அவர் சொன்னதில் போர்வையும் டீயும் உண்மை மாமி.

கடைசியாக ஒரு மத்தியானம், மேல் வீட்டு அன்னமலர் அக்கா, கீழே உள்ள பொதுச் சலவை அறையில் தன் முறை வந்ததால் துணிக்கூடையோடு இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காலுறை கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அந்த வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் பிறகு கிடைத்துவிட்டன, சர்டிஃபிகேட் மட்டும் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதை வாங்கத்தான் அந்த அலுவலகத்துக்குப் போக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வரும்போது அவர் எதிரே வந்தார். எல்லோர் முன்னாலும் ஸலாம் சொன்னார். பக்கத்தில் வந்ததும், "பரங்கிப்பேட்டைக்குக் கடிதம் எழுதுகிறாயாமே. உன்னை யார் நம்புவார்கள்?" என்று புன்னகையோடு கேட்டுவிட்டுப் போனார். பார்த்தவர்கள் அவர் எனக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

பாஸ்போர்ட் யார் கையில் என்று கேட்கச் சொன்னேனே, அது என் கோழைத்தனம். சொல்லாமலே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்ததுதான் மிச்சம். கோபம் வடியட்டும், சுத்தமான மனதோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். அது வடியவில்லை. நான் கோபக்காரியாக இருக்கிறேன் என்பதற்காக நடந்தது நடக்காததாகிவிடுமா? என் நிய்யத்துக்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு உங்களிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

தேவைக்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் வேறு எத்தனையோ உண்டு, அவையெல்லாம் என்னோடு போகட்டும். அவர் திருந்தியிருக்கலாம், எனக்குத் தெரியாது. இதை நிலோஃபரும் படிக்கவேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்பது. போகப்போகிறவள் அவள்.

அன்னமலர் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். கீழே உள்ளது அவர் கையெழுத்து.

தாஹிரா

அம்மா, நான் அன்னமலர். மன்னார் ஆள், வேதக்காரி. இந்தப் பிள்ளை எழுதினது உண்மை. உடுப்புத் தோய்க்கப் போகேக்கை வெறுங்காலோட படியில நிண்டது. நான்தான் போய்க் கதவைத் தட்டினனான். அந்தத் தம்பி திறந்து, சும்மா பகிடிக்கு அன்ரி எண்டு சிரிச்சது. பிள்ளை நடுங்கிக்கொண்டு நிண்டது. எனக்கும் ஒரு பெட்டை இருக்கிறாள், அதாலதான் எழுதிறன். கர்த்தருக்கு முன்னாலயும் இதைத்தான் சொல்லுவன்.


பரங்கிப்பேட்டை
2-1-2010

அன்பு மகள் தாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்வளவு நாள் எழுதாததற்கு என்னை மன்னித்துவிடு. நிக்காஹ் நடக்கவில்லை.

உன் கடிதம் பந்தல்காரன் கம்பு இறக்கிக்கொண்டிருந்த அன்று வந்தது. நிலோஃபரிடம்தான் முதலில் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "என்னிடம் அவர் அப்படி இருக்கமாட்டார் உம்மா" என்றாள். அவள் வாப்பா படித்துவிட்டு, இது பொறாமையில் எழுதியது, கிழித்துப் போடு என்றார். நான் கிழிக்கவில்லை. அவர்கள் முன்னால் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவர் சொன்னதிலும் படிக்கட்டு இருக்கிறது, இவள் சொல்வதிலும் படிக்கட்டு இருக்கிறது. பெண்டாட்டி குளிரில் வெறுங்காலோடு வெளியே நின்றாள் என்பதை இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிறார்கள். மன்னார்க்காரி வந்து தட்டும்வரை அந்தக் கதவு ஏன் சாத்தியிருந்தது?

அவள் வாப்பா எழுந்துபோய் அதையே மாப்பிள்ளையிடம் போனில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நிலோஃபரும் நானும் பக்கத்திலேயே நின்றோம். இல்லை என்று சொல்வார், சத்தியம் செய்வார் என்று நானே எதிர்பார்த்தேன்.

"அது எங்கள் வீட்டு விஷயம் மாமா" என்றார் ஷுஐப்.

அவ்வளவுதான். அவள் வாப்பா போனை வைத்துவிட்டு, பந்தல்காரனைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

ஊருக்கு நாங்கள் காரணம் சொல்லவில்லை. கேட்டு வந்தவர்களுக்குச் சொல்லத்தான் ஆலிம்சா சொன்னார், தெருவில் தண்டோரா போடச் சொல்லவில்லை. அதனால் ஊர் தானாகவே ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரோ இருக்கிறானாம். நிலோஃபர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதவு விஷயம் அவளுக்கும் புரிகிறது, ஆனாலும் அந்த ஜெர்மன் சிடியைத் தூக்கிப் போட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவள் வாப்பாவும் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார். அந்தப் பெண்ணுக்கு எழுதாமல் இருந்திருந்தால் இந்த அவமானம் உண்டா என்று ஒருநாள் கேட்டார். எழுதாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் வலிக்கத்தானே செய்யும். எனக்கும் வலிக்கிறது மகளே, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இப்போது நான் எழுதுவது வேறு விஷயம். ஷுஐப் லீவை நீட்டியிருக்கிறார். கூத்தாநல்லூரில் வேறு இடம் பேசி முடித்துவிட்டார்களாம், முஹர்ரம் கழிந்ததும் நிக்காஹ். அந்தப் பெண்ணின் உம்மா முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து, நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? நஸீப் இல்லை என்றேன். அவர் தொழுகிறவர் என்றுகூடச் சொன்னேன். உன் முதல் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எவ்வளவு கோபப்பட்டேன். இப்போது என் வாயே அதை ஒப்பிக்கிறது. நான் சொல்லப்போனால், நின்றுபோன கல்யாணத்தின் வயிற்றெரிச்சல் என்பார்கள். நிலோஃபர் பெயர் இன்னும் கெடும். உன் பெயரைச் சொன்னால்தான் நம்புவார்கள். ஆனால் அது நீ என்னை நம்பிக் கொடுத்தது. உன் தங்கையின் வாழ்வும் அதில் இருக்கிறது. உன் அனுமதி இல்லாமல் அதை எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டேன்.

அந்த உம்மா டீயைக் குடிக்காமலே எழுந்தார்கள். என் வார்த்தையை அவர்கள் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவளுக்கு அது தெரிந்துவிடும். இரண்டு வாரம் பொறுத்து வாருங்கள், சொல்கிறேன் என்று வாசல்வரை போய்ச் சொல்லி அனுப்பினேன்.

நீ வேண்டாம் என்றாலும் உன்னைத் தப்பாக நினைக்கமாட்டேன். நான் கேட்ட பாரமே போதும் உனக்கு.

ஜெய்த்தூன் பீவி


பாசல்
9-1-2010

அன்புள்ள மாமிக்கு,

வ அலைக்கும் ஸலாம். கூரியரில் வந்த உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இதையும் கூரியரிலேயே அனுப்புகிறேன்.

முதலில் நிலோஃபருக்கு. அவள் என்மேல் கோபமாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அந்தக் கடிதத்தை நம்பியிருக்கமாட்டேன். நிக்காஹுக்கு முன்னால் ஷுஐபைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் நான் வெறுத்திருப்பேன். அவளைச் சீக்கிரம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்தால் ஊர் சொல்வது உண்மை என்றாகிவிடும்.

ஷமீனாவிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி, உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன் என்றேன். "சொல்லச் சொல்லுங்க லாத்தா. உண்மை சொன்னவளோட தங்கச்சி வேணாம்னு ஒரு வீடு சொன்னா, அந்த வீடு எனக்கும் வேணாம்" என்றாள். உம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

துருக்கிக்கார அக்காவிடமும் சொன்னேன். அவர் தொழப் போய்விட்டார். முடித்து வந்து, சர்டிஃபிகேட் வாங்க அந்த அலுவலகத்துக்கு எப்போது போகப்போகிறாய், நானும் வருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை போகிறோம்.

மாமி, நீங்கள் யாருக்கும் எதுவும் சொல்லி நிலோஃபரின் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூத்தாநல்லூர் உம்மா திரும்ப வந்தால், என் பெயரைச் சொல்லி இந்த விலாசத்தைக் கொடுங்கள். தாஹிரா என்று ஒருத்தி அவரோடு வாழ்ந்தவள், அவளிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் கேட்ட மாதிரியே கேட்கட்டும், கோபம் வந்தால் எப்படி இருப்பார், காய்ச்சலில் கஞ்சி வைப்பாரா என்று.

உங்களைப் போல அவர்களை இரண்டாவது கடிதம் எழுதவைக்கமாட்டேன்.

உங்கள் மகள்,
தாஹிரா